பயணத்தின்போது மனஅமைதி: ஊர் சென்று திரும்புவோருக்கான வழிகாட்டி

எமது நகரசபைப் பகுதியில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பயணம் என்பது பெரும்பாலும் உல்லாசப் பயணமன்று. பாடசாலை விடுமுறையில் பிள்ளைகளைப் பேரன் பேர்த்தியாக ஊருக்கு அழைத்துச் செல்வது, திருமணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் போய்வருவது, நோயுற்ற பெற்றோரைப் பார்க்கச் செல்வது, இறுதிக்கிரியைக்கு விரைவது ஆகியவையே நமது நெடும்பயணங்களுக்கான காரணங்கள். சிட்னியிலிருந்து சிங்கப்பூருக்கு ஏறத்தாழ 8 மணி நேரம். அங்கே விமானம் மாறிச் சென்னைக்கோ கொழும்புக்கோ மேலும் 4 மணி நேரம். அதன்பின் ஊர் வரை தரைவழிப் பயணம். ஆயத்த நாட்களையும் சேர்த்துப் பார்த்தால், ஊர் போய்ச் சேருமுன்பே பலர் உடலும் மனமும் களைத்துவிடுகிறார்கள்.

பயணப் பதற்றம் பலவீனத்தின் அடையாளமன்று. அது முற்றாக நீங்கிவிடுவதும் இல்லை. ஆனால் அதன் காரணத்தை அறிந்து, சிலவற்றை முன்கூட்டியே ஒழுங்குசெய்து, பதற்றம் எழும்போது என்ன செய்வதென்று பழகிக்கொண்டால், அதனை ஓர் அளவுக்குள் வைத்திருக்கலாம். அதற்கு உதவும் தகவல்களையும், உதவி பெறக்கூடிய சேவைகளையும் இக்கட்டுரை தருகிறது.

பதற்றம் ஏன் எழுகிறது?

ஆபத்து வருகிறது என்று மூளை கருதினால், அட்ரினலின் முதலிய சுரப்புகள் குருதியில் கலக்கின்றன. இதயம் விரைவாகத் துடிக்கிறது, மூச்சு மேலோட்டமாகிறது, உள்ளங்கை வியர்க்கிறது, வயிறு கலங்குகிறது. ஓடவோ எதிர்த்து நிற்கவோ உடல் தன்னை ஆயத்தப்படுத்தும் முறை இது. விமான நிலையத்தில் ஓடித் தப்பவேண்டிய ஆபத்து எதுவும் இல்லை. ஆயினும் நீண்ட வரிசை, புரியாத அறிவிப்பு, நேரம் தவறிவிடுமோ என்ற எண்ணம், அதிகாரியின் கேள்வி ஆகியவற்றையும் மூளை ஆபத்தாகவே எடுத்துக்கொள்கிறது.

பயணத்தில் இதனைக் கூட்டுகின்ற வேறு காரணங்களும் உண்டு. புறப்படும் முன்னிரவு பெரும்பாலோர் சரியாக உறங்குவதில்லை. உணவு நேரம் மாறுகிறது. விழித்திருப்பதற்காகக் கோப்பியும் தேநீரும் வழக்கத்தைவிட அதிகமாகக் குடிக்கிறோம். அவற்றிலுள்ள கஃபீன் இதயத்துடிப்பைக் கூட்டிப் பதற்றம் போன்ற உணர்வையே தருகிறது. உறக்கக் குறைவு, பசி, நீர்க்குறைவு ஆகிய மூன்றும் சேர்ந்தால் சிறிய தடங்கலும் பெரிய இடராகத் தோன்றும். ஆகவே மனத்தை அமைதிப்படுத்தும் வேலை உடலைக் கவனிப்பதிலிருந்தே தொடங்குகிறது.

புறப்படுவதற்கு முன்: கவலையைத் தாளில் இறக்குதல்

பயணக் கவலைகளுள் பெரும்பகுதி, ஏதோ ஒன்றை மறந்துவிட்டோம் என்ற எண்ணத்திலிருந்து வருவது. அந்த எண்ணத்தை மனத்தில் சுமப்பதைவிட ஒரு தாளில் எழுதிவைப்பது நல்லது. பயணத்துக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே இப்பட்டியலைத் தொடங்குங்கள்.

• கடவுச்சீட்டு: பல நாடுகள், நீங்கள் சென்றடையும் நாளிலிருந்து குறைந்தது 6 மாதங்களுக்குச் செல்லுபடியாகும் கடவுச்சீட்டை எதிர்பார்க்கின்றன. பிள்ளைகளின் கடவுச்சீட்டு 5 ஆண்டுகளுக்கு மட்டுமே வழங்கப்படுவதால் அது எதிர்பாராமல் முடிந்திருக்கக்கூடும்.
• விசா: ஆஸ்திரேலியக் கடவுச்சீட்டுடன் இந்தியா செல்பவருக்கு விசா அல்லது ஓ.சி.ஐ. அட்டை தேவை. இலங்கைக்கான நுழைவு அனுமதி விதிகளும் கட்டணங்களும் மாறிவந்துள்ளன. உறவினர் சொன்னதை மட்டும் நம்பாது, அந்தந்த அரசின் தளத்திலும் ஆஸ்திரேலிய அரசின் ‘ஸ்மார்ட் டிரவலர்’ தளத்திலும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.
• பயணக் காப்புறுதி: வெளிநாட்டில் ஏற்படும் மருத்துவச் செலவை மெடிகெயார் ஏற்பதில்லை, இந்தியாவுடனோ இலங்கையுடனோ ஆஸ்திரேலியாவுக்குப் பரஸ்பர மருத்துவ உடன்படிக்கையும் இல்லை. நீரிழிவு, இதயநோய், உயர் குருதி அழுத்தம் முதலிய ஏற்கனவே உள்ள நோய்களைக் காப்புறுதி பெறும்போதே தெரிவியுங்கள். மறைத்துப் பெற்ற காப்புறுதி, வேண்டியபோது பயன்படாமற் போகலாம்.
• பணம்: 10,000 ஆஸ்திரேலிய டொலர் அல்லது அதற்குச் சமமான வெளிநாட்டு நாணயத்தை எடுத்துச் சென்றாலும் கொண்டுவந்தாலும் அதனை அறிவிக்கவேண்டும். எடுத்துச்செல்வது குற்றமன்று, அறிவிக்காமல் விடுவதே குற்றம்.
• பிரதிகள்: கடவுச்சீட்டு, விசா, காப்புறுதி, மருந்துச்சீட்டு ஆகியவற்றின் படங்களைக் கைபேசியில் வைத்திருங்கள், ஒரு பிரதியை இங்குள்ள நம்பிக்கையான ஒருவரிடமும் கொடுத்துச் செல்லுங்கள்.

பாதுகாப்பு விசாவில் வாழ்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்கவேண்டும். எந்த நாட்டில் ஆபத்து உண்டென்று கூறிப் பாதுகாப்புப் பெற்றார்களோ, அந்த நாட்டுக்குச் செல்வதற்கு எழுத்துமூல முன் அனுமதி தேவைப்படும் நிபந்தனை அவர்களது விசாவில் இருக்கலாம். பயணச்சீட்டு வாங்குமுன், பதிவுபெற்ற குடிவரவு முகவரிடமோ இலவசச் சட்ட உதவிச் சேவையிடமோ ஆலோசனை பெறுங்கள். தாயின் நோயைக் கேட்டு அவசரத்தில் எடுக்கும் முடிவு, பின்னர் இங்கு திரும்பி வாழும் உரிமையையே கேள்விக்குள்ளாக்கலாம்.

மருந்துகள் பற்றிய குழப்பங்கள்

பாதுகாப்புச் சோதனையில் மருந்துப் பையைத் திறக்கச் சொல்லும்போது பலர் கலங்கிப்போகிறார்கள். பின்வருவனவற்றைக் கடைப்பிடித்தால் அந்தக் கலக்கம் தேவையில்லை.

மருந்துகளை அவற்றின் மூலப் பெட்டியிலேயே வைத்திருங்கள். நோயின் பெயர், மருந்தின் பெயர், அளவு, அது உங்கள் சொந்தப் பயன்பாட்டுக்குரியது என்பது ஆகியவற்றைக் குறிப்பிடும் ஆங்கிலக் கடிதமொன்றைக் குடும்ப வைத்தியரிடம் பெறுங்கள். பயண நாட்களுக்குத் தேவையான அளவோடு, தாமதத்துக்கென மேலும் சில நாட்களுக்கு உரியதையும் கைப்பையில் வையுங்கள். இன்சுலினை ஒருபோதும் விமானத்தின் அடியில் செல்லும் பொதியில் வைக்காதீர்கள். அங்கே அது உறைந்து பயனற்றுப் போகலாம். சர்வதேச விமானங்களில் கைப்பைத் திரவங்களுக்கு 100 மில்லிலீற்றர் எல்லை உண்டெனினும், பயணத்துக்குத் தேவையான மருந்துகளுக்கும் குழந்தை உணவுக்கும் விலக்கு உண்டு. சோதனை மேசையில் அவற்றைத் தனியே எடுத்துக் காட்டுங்கள்.

வலுவான வலிநிவாரணிகள், உறக்க மருந்துகள், பதற்றத்துக்கான மருந்துகள் ஆகியவற்றைச் சில நாடுகள் கட்டுப்படுத்துகின்றன. செல்லும் நாட்டின் விதியோடு, விமானம் மாறும் நாட்டின் விதியையும் பாருங்கள்.

மேலும் ஒன்று: பி.பி.எஸ். சலுகை விலையில் இங்கு பெற்ற மருந்துகளை உங்களுக்காகவோ உங்களுடன் பயணம் செய்பவருக்காகவோ மட்டுமே வெளிநாட்டுக்கு எடுத்துச்செல்லலாம். ஊரிலுள்ள உறவினருக்குக் கொடுப்பதற்காக எடுத்துச்செல்வதும் அனுப்புவதும் சட்டப்படி குற்றமாகும். “அம்மாவுக்கு இந்த மாத்திரையும் கொண்டு வா” என்று ஊரிலிருந்து கேட்டால், இதனைக் கூறி மறுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

விமான நிலையத்தை அடைதல்

சிட்னியிலிருந்து வெளிநாடு செல்லும் விமானங்கள் முனையம் 1 இலிருந்து புறப்படுகின்றன. உள்நாட்டு முனையங்கள் ஓடுபாதைக்கு மறுபுறத்தில் உள்ளன. நடந்து செல்லும் தூரத்தில் இல்லை. அழைத்துச் செல்பவரிடம் எந்த முனையம் என்பதைத் தெளிவாகக் கூறுங்கள். மேற்கு சிட்னியிலிருந்து ரயிலில் செல்வோர், டி 1 வழித்தடத்தில் சென்ட்ரல் வரை சென்று, அங்கே டி 8 விமான நிலைய வழித்தடத்துக்கு மாறலாம். சர்வதேச ரயில் நிலையம் முனையத்தின் கீழேயே உள்ளது. விமான நிலைய ரயில் நிலையங்களில் சாதாரணக் கட்டணத்துக்கு மேலதிகமாக ஒரு நுழைவுக் கட்டணமும் அறவிடப்படும். வார இறுதியில் ரயில்பாதைப் பராமரிப்பு நடைபெறலாம். முதல்நாளே 131 500 என்ற இலக்கத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

புறப்படும் நேரத்துக்கு 3 மணி நேரம் முன்னதாகச் சென்றடைவது நல்லது. முன்னதாகப் போய்க் காத்திருப்பது வீண் என்று சிலர் கருதுவர். ஆனால் வாகன நெரிசலில் கடிகாரத்தைப் பார்த்தவாறு கழிக்கும் அரைமணி நேரம், முனையத்தில் அமர்ந்து கழிக்கும் இரண்டு மணி நேரத்தைவிட அதிகமாகக் களைப்பூட்டும்.

சிட்னி விமான நிலையத்தில் இரவு 11 மணி முதல் காலை 6 மணி வரை விமானங்கள் ஏறி இறங்குவதற்குச் சட்டத்தால் கட்டுப்பாடு உண்டு. ஆகவே இரவு விமானம் பிந்தினால், அது மறுநாளுக்குத் தள்ளிப்போகக்கூடும். இவ்வாறு நேர்ந்தால் அது உங்கள் தவறுமன்று, சகுனமுமன்று. விமான நிறுவனத்தின் மேசையில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: அடுத்த விமானம் எப்போது? இடையில் மாறவேண்டிய விமானத்துக்கு என்ன ஏற்பாடு? இன்றிரவு தங்குவதற்கும் உணவுக்கும் என்ன வழி? விடைகளை எழுதிக்கொள்ளுங்கள். பின்னர் ஊரில் காத்திருப்பவருக்கு ஒரே ஒரு செய்தி அனுப்புங்கள். எல்லோருக்கும் தனித்தனியே விளக்கத் தொடங்கினால் பதற்றம் பல மடங்காகும். குடும்பத்தில் ஒருவரை முன்கூட்டியே நியமித்து, மற்றவர்களுக்கு அவர் தெரிவிக்கும்படி ஒழுங்குசெய்யலாம்.

பதற்றம் எழும்போது செய்யக்கூடியவை

மூச்சு: நம் விருப்பப்படி இதயத்தின் வேகத்தைக் குறைக்க முடியாது, ஆனால் மூச்சின் வேகத்தைக் குறைக்க முடியும். மூச்சு குறைந்தால் இதயமும் அதனைப் பின்தொடரும். மூக்கின் வழியாக மனத்துள் 4 எண்ணும் வரை உள்ளிழுத்து, 6 எண்ணும் வரை மெல்ல வெளிவிடுங்கள். வெளிமூச்சு நீண்டிருப்பதே முக்கியம். ஐந்து நிமிடங்கள் இவ்வாறு செய்யுங்கள். தலைசுற்றினால் வழக்கமான மூச்சுக்குத் திரும்புங்கள். இதனை வீட்டில் ஒரு வாரம் பழகியிருந்தாலே தேவையான நேரத்தில் கைகொடுக்கும்.

புலன்கள்: மனம் வரப்போகும் ஆபத்துகளிடம் ஓடும்போது, அதனை இருக்கும் இடத்துக்கு அழைத்துவாருங்கள். கண்ணுக்குத் தெரியும் ஐந்து பொருள்களை மெல்லப் பெயர் சொல்லுங்கள், தொட்டுணரும் நான்கு பொருள்கள், கேட்கும் மூன்று ஒலிகள், நுகரும் இரண்டு மணங்கள், சுவைக்கும் ஒன்று. சிறு ஏலக்காயோ வேர்க்கொம்புத் துண்டோ வாயில் இருந்தால் கடைசிப் படி எளிதாகும்.

தசைகள்: கைவிரல்களை இறுக மூடி ஐந்து எண்ணிவிட்டுத் தளர்த்துங்கள். பின்னர் தோள், முகம், கால் என்று ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். இருக்கையில் அமர்ந்தவாறே, பிறர் அறியாமலே இதனைச் செய்யலாம்.

சொல்: செபமோ நாமமோ, மனத்துக்குப் பிடித்த தேவாரமோ துஆவோ, பழகிய வரிகளை மெல்ல உச்சரிப்பதும் பலருக்கு உதவுகிறது. அது மூச்சையும் ஒழுங்குபடுத்துகிறது.

சிலருக்குத் திடீரென நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, உயிரே போய்விடும் போன்ற அச்சம் தோன்றலாம். இதனைப் பீதித் தாக்கம் என்பர். பெரும்பாலும் அது சில நிமிடங்களில், ஏறத்தாழ 10 நிமிடங்களுக்குள், உச்சத்தை அடைந்து பின்னர் தணியும். அதனுடன் போராடாமல், “இது வந்திருக்கிறது, தணிந்துவிடும்” என்று கூறிக்கொண்டு மூச்சைக் கவனியுங்கள். ஆனால் நெஞ்சுவலி கைக்கோ தாடைக்கோ பரவினாலும், வலி தணியாவிட்டாலும், ஏற்கனவே இதயநோய் இருந்தாலும், அதனைப் பதற்றம் என்று நீங்களே முடிவுசெய்யாதீர்கள். விமானத்தில் பணியாளரிடமும், தரையில் 000 என்ற இலக்கத்திலும் உடனே உதவி கேளுங்கள்.

விமானத்தினுள்

பறக்கும்போது விமானத்தின் உட்காற்றழுத்தம், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 முதல் 2,400 மீற்றர் வரை உயர்ந்த மலையில் இருப்பதற்கு ஒப்பானது. கொடைக்கானலிலும் நுவரெலியாவிலும் நாம் உணரும் காற்றைப் போன்றது என்று கொள்ளலாம். ஈரப்பதமோ மிகக் குறைவு. தலைவலி, வாய் உலர்தல், சோர்வு, வயிறு ஊதுதல் ஆகியவை இதனால் ஏற்படலாம். இவற்றை நோயென்று எண்ணி அஞ்சவேண்டாம். தண்ணீரை அடிக்கடி சிறிது சிறிதாக அருந்துங்கள். மதுபானம் உறக்கம் தருவதுபோல் தோன்றினாலும் உறக்கத்தின் தரத்தைக் கெடுத்து, விழித்தபின் பதற்றத்தைக் கூட்டும்.

4 மணி நேரத்துக்கு மேல் அசையாது அமர்ந்திருந்தால் கால் நரம்புகளில் குருதி உறையும் வாய்ப்புக் கூடுகிறது. மணிக்கொரு முறை கணுக்காலைச் சுழற்றுங்கள். இயன்றபோது எழுந்து நடவுங்கள். முன்பு குருதி உறைவு ஏற்பட்டவர்கள், அண்மையில் அறுவைச் சிகிச்சை பெற்றவர்கள், கருவுற்றிருப்பவர்கள் ஆகியோர் பயணத்துக்கு முன் வைத்தியரிடம் கேட்கவேண்டும்.

விமானம் குலுங்கும்போது அஞ்சுவோர் பலர். காற்றோட்டத்தின் ஏற்ற இறக்கமே அதற்குக் காரணம். மேடுபள்ளமான தெருவில் பேருந்து அதிர்வது போன்றது. விமானங்கள் அதனைத் தாங்கும்படியே கட்டப்படுகின்றன. குலுக்கத்தில் காயமடைவோர் பெரும்பாலும் இடுப்புப் பட்டி அணியாதவர்களே. ஆகவே அமர்ந்திருக்கும் நேரமெல்லாம் பட்டியை அணிந்திருப்பதே அச்சத்துக்கும் ஆபத்துக்கும் ஒருசேர மருந்தாகும்.

இந்தியாவிலும் இலங்கையிலும் நேரம், சிட்னியைவிட நாலரை மணி பின்தங்கியது. இங்கு கோடைகால நேரம் நடைமுறையிலுள்ள ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரை ஐந்தரை மணி பின்தங்கியது. இன்சுலின் முதலிய மருந்துகளை எந்த நேரத்துக்கு எடுப்பது என்பதை முன்கூட்டியே வைத்தியரிடமோ மருந்தாளரிடமோ கேட்டு எழுதி வாங்கிச் செல்லுங்கள். அரைத்தூக்கத்தில் கணக்குப் பார்க்கவேண்டாம்.

தனியாகப் பயணம் செய்யும் பெற்றோர்

ஆங்கிலம் அறியாத அம்மாவோ அப்பாவோ தனியாக வரும்போது, அவர்களைவிடப் பிள்ளைகளே அதிகமாகக் கலங்குகிறார்கள். பயணச்சீட்டு வாங்கும்போதே சக்கர நாற்காலி உதவியை விமான நிறுவனத்திடம் கேளுங்கள். வழக்கமாகக் குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன் அறிவிக்கவேண்டும். இதற்குக் கட்டணம் இல்லை. நடக்கமுடிந்தவர்களும் நீண்ட தூரம் நடக்க இயலாவிட்டால் இதனைப் பெறலாம். விமானம் மாறும் இடத்தில் அடுத்த வாயில் வரை ஒருவர் உடன் அழைத்துச் செல்வார் என்பதே இதன் பெரிய பயன். “எனக்கென்ன கால் இல்லையா?” என்று பெரியவர்கள் மறுக்கலாம். இது நோயாளிக்கான உதவி மட்டுமன்று, வழிகாட்டும் உதவியுமாகும் என்று விளக்குங்கள்.

ஒரு தாளில் தமிழும் ஆங்கிலமும் அருகருகே இருக்குமாறு சில வரிகளை எழுதிக் கொடுங்கள்: “எனக்கு ஆங்கிலம் தெரியாது. நான் தமிழ் பேசுவேன்”, “அடுத்த விமானத்தின் வாயில் எது?”, “எனக்கு நீரிழிவு உண்டு”, “தயவுசெய்து இந்த எண்ணுக்கு அழையுங்கள்”. அத்துடன் விமான இலக்கம், விமானம் மாறும் இடம், இங்கு சந்திக்க வருபவரின் பெயர், தொலைபேசி எண் ஆகியவற்றையும் எழுதுங்கள். கைபேசியின் மின்கலம் தீர்ந்தாலும் தாள் இருக்கும். கையடக்க மின்சேமிப்புக் கருவியைக் கைப்பையிலேயே வைக்கச் சொல்லுங்கள். அடியில் செல்லும் பொதியில் அதற்கு அனுமதி இல்லை.

பிள்ளைகளுடன் செல்வோர்

குழந்தைகள் பெற்றோரின் முகத்தைப் பார்த்தே அஞ்சவோ அமைதிகொள்ளவோ செய்கிறார்கள். நடக்கப்போவதை முன்கூட்டியே சொல்லுங்கள்: “முதலில் பையைக் கொடுப்போம், பிறகு ஒரு கதவு வழியாக நடப்போம், பிறகு விமானத்தைப் பார்ப்போம்.” ஏறும்போதும் இறங்கும்போதும் காது அடைப்பதால் கைக்குழந்தைகள் அழுகின்றன, அப்போது பாலூட்டினால் அல்லது சூப்பி கொடுத்தால் அடைப்பு நீங்கும். அயலில் இருப்பவர் முகம் சுளித்தால் வெட்கப்படவேண்டாம். குழந்தை அழுவது இயல்பு.

சீருடையைக் கண்டு உடல் நடுங்கினால்

நமது சமூகத்தில் போரை வாழ்ந்து கடந்தவர்கள் பலர் உள்ளனர். சோதனைச் சாவடி, அடையாள அட்டை விசாரணை, சுற்றிவளைப்பு, காணாமற்போன உறவு ஆகியவற்றின் நினைவுகள் ஆண்டுகள் கடந்தும் உடலில் தங்கியிருக்கின்றன. ஆகவே சிட்னியில் ஓர் அதிகாரி சாதாரணமாகக் கடவுச்சீட்டைக் கேட்கும்போதும், கட்டுநாயக்காவில் வரிசையில் நிற்கும்போதும், ஏ 9 வீதியில் இராணுவ முகாம்களைக் கடக்கும்போதும் கை நடுங்கலாம். பேச்சு வராமற் போகலாம். அன்றிரவு கனவுகள் வரலாம். இது பைத்தியமன்று, கோழைத்தனமுமன்று. அன்று உயிரைக் காத்த எச்சரிக்கை உணர்வு, இன்று தேவையில்லாத இடத்திலும் விழித்துக்கொள்கிறது.

இவ்வாறு நிகழக்கூடும் என்று தோன்றினால் முன்கூட்டியே உடன் வருபவரிடம் சொல்லிவையுங்கள். கேட்கக்கூடிய கேள்விகளுக்கு (எங்கே தங்குவீர்கள், எத்தனை நாள், யாரைப் பார்க்க வந்தீர்கள்) உண்மையான சுருக்கமான விடைகளை எழுதிக்கொள்ளுங்கள். நடுக்கம் வந்தால் பாதங்களைத் தரையில் ஊன்றி, இன்றைய திகதியையும் நிற்கும் இடத்தையும் மனத்துள் சொல்லிக்கொள்ளுங்கள். எந்த இடத்துக்குச் செல்வது, எதனைத் தவிர்ப்பது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை உங்களுடையது. “வந்ததுதான் வந்தாய், பழைய வீட்டையும் பார்த்துவிட்டுப் போ” என்று உறவினர் வற்புறுத்தினாலும், இப்போது வேண்டாம் என்று கூறலாம்.

சித்திரவதைக்கும் போர்வடுவுக்கும் உள்ளானோருக்கு உதவும் ‘ஸ்டார்ட்ஸ்’ என்னும் அமைப்பு 1988 முதல் நியூ சவுத் வேல்ஸில் இயங்கிவருகிறது. அதன் தலைமை நிலையம் காரமாரில் உள்ளது. உரைபெயர்ப்பாளர் உதவியுடன் அங்கு இலவச ஆலோசனை பெறலாம். பயணத்துக்கு முன்னரே சில அமர்வுகளுக்குச் செல்வது பெரிதும் பயன்தரும்.

துயரச் செய்தி கேட்டுப் புறப்படும்போது

நள்ளிரவில் ஊரிலிருந்து அழைப்பு வருகிறது. கிரியை நாளைக்கோ மறுநாளோ. போய்ச் சேரமுடியுமா என்பதே தெரியாது. பயணங்களுள் இதுவே மிகக் கடினமானது.

இந்நிலையில் பயணச்சீட்டு, விசா, விடுப்பு ஆகிய வேலைகளைத் துயருற்றவர் தாமே செய்யவேண்டியதில்லை. நண்பரோ உறவினரோ ஒருவர் அதனை ஏற்கட்டும். இன்னொருவர் பையை அடுக்கட்டும். மருந்தும் கடவுச்சீட்டும் அதில் உள்ளனவா என்று பார்க்கட்டும். விமான நிலையத்துக்குத் தாமே வாகனம் ஓட்டிச் செல்லவேண்டாம். பசியில்லாவிட்டாலும் சிறிது உண்ணவும் நீர் அருந்தவும் வேண்டும். விமானத்தில் அழுகை வந்தால் பணியாளரிடம் காரணத்தைச் சொல்லுங்கள். இயன்றால் அமைதியான இருக்கை தருவார்கள்.

நேரத்துக்குப் போய்ச்சேர முடியாது என்றால், அல்லது விசாவோ உடல்நிலையோ இடங்கொடாவிட்டால், அந்தக் குற்றவுணர்வு நெடுநாள் உறுத்தும். காணொளி வழியாகக் கிரியையில் பங்குகொள்வதும், இங்குள்ள கோயிலிலோ தேவாலயத்திலோ பள்ளிவாசலிலோ பிரார்த்தனை செய்வதும், எட்டு, முப்பத்தொன்று போன்ற நாட்களை இங்கு உறவினருடன் கூடிக் கழிப்பதும் மனத்துக்கு ஆறுதல் தரும். அருகில் இல்லாமற் போனது அன்பில்லாமையால் அன்று.

கொழும்பில் இரவில் இறங்கி அப்போதே வானில் யாழ்ப்பாணத்துக்குப் புறப்படுவதைத் துயரத்திலும் தவிர்ப்பது நல்லது. அது 6 முதல் 8 மணி நேரப் பயணம். சாரதியும் உறக்கத்துடன் இருக்கக்கூடும். நீர்கொழும்பில் சில மணி நேரம் இளைப்பாறி விடியலில் புறப்படலாம். நேரம் மிக நெருக்கமாயின், பகலில் உறங்கி எழுந்த சாரதியை ஒழுங்குசெய்யும்படி ஊரிலுள்ளவர்களிடம் கேளுங்கள்.

திரும்பி வரும்போது

சிட்னியில் இறங்கியதும் பலரைக் கலங்கவைப்பது உணவுப் பொருள்கள் பற்றிய கேள்வி. விதி எளியது: உணவு, விதை, இலை, மரப்பொருள், விலங்குப் பொருள், மூலிகை மருந்து எதுவாயினும் வருகை அட்டையில் ‘ஆம்’ என்று குறியுங்கள். கறிவேப்பிலை, மாங்காய், கருவாடு, பால் இனிப்பு, பூமாலை, சித்த ஆயுர்வேத மருந்து அனைத்தும் இதில் அடங்கும். அறிவித்தால், அப்பொருளுக்கு அனுமதி இல்லாவிட்டாலும் அதற்காகத் தண்டம் விதிக்கப்படாது. பொருளை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். மறைத்தாலே தண்டம். ஐயமிருந்தால் அறிவித்துவிடுங்கள், நெஞ்சு படபடக்காமல் வெளியே வரலாம்.

17 மணி நேரம் உறங்காமல் இருப்பவரின் வாகனம் ஓட்டும் திறன், குருதியில் 0.05 அளவு மதுசாரம் உள்ளவரின் திறனுக்கு ஒப்பாகும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே விமான நிலையத்திலிருந்து நீங்களே வாகனம் ஓட்டவேண்டாம். இயன்றால் வேலைக்குத் திரும்புமுன் ஓரிரு நாள் ஓய்வெடுங்கள். காலை வெயிலில் நடப்பதும், உள்ளூர் நேரத்துக்கு உண்பதும் உறங்குவதும் உடலின் கடிகாரத்தை மீட்டெடுக்கும். ஊரிலிருந்து திரும்பியபின் சில நாள் வெறுமையும் ஏக்கமும் தோன்றுவது இயல்பு. அது இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்து, உறக்கத்தையும் வேலையையும் பாதித்தால் உதவி நாடுங்கள்.

எங்கே உதவி பெறலாம்?

முதலில் உங்கள் குடும்ப வைத்தியரிடம் பேசுங்கள். அவர் மனநலச் சிகிச்சைத் திட்டம் ஒன்றைத் தயாரித்தால், ஓர் ஆண்டில் 10 உளவியல் அமர்வுகள் வரை மெடிகெயார் கழிவு கிடைக்கும். வைத்தியரிடம் சொல்வது இரகசியமாகவே இருக்கும். உறவினருக்கோ வேலைத்தலத்துக்கோ தெரிவிக்கப்படாது. அமர்வில் பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்காமல் தொழில்முறை உரைபெயர்ப்பாளரைக் கேளுங்கள்.

• உயிராபத்து அவசரம்: 000
• மொழிபெயர்ப்பு, உரைபெயர்ப்புச் சேவை: 131 450 (தமிழ் வேண்டும் என்று கூறி, கீழுள்ள எந்த இலக்கத்துடனும் இணைக்கும்படி கேட்கலாம்)
• லைஃப்லைன், 24 மணி நேர உளநெருக்கடி உதவி: 13 11 14
• பியோண்ட் புளூ: 1300 22 4636
• நியூ சவுத் வேல்ஸ் மனநலத் தொலைபேசிச் சேவை: 1800 011 511
• ஹெல்த்டைரக்ட், தாதியரின் மருத்துவ ஆலோசனை: 1800 022 222
• ஆஸ்திரேலியத் தூதரக அவசர உதவி நிலையம், வெளிநாட்டில் ஆஸ்திரேலியக் குடிமக்களுக்காக: +61 2 6261 3305, ஆஸ்திரேலியாவுக்குள் இருந்து அழைக்க: 1300 555 135

இக்கட்டுரையிலுள்ளவை பொதுவான தகவல்கள். உங்கள் உடல்நிலைக்கும் விசா நிலைக்கும் உரிய ஆலோசனையைத் தகுதியானவரிடம் பெற்றுக்கொள்ளுங்கள். இப்பக்கத்தைப் பிரித்தெடுத்துக் கடவுச்சீட்டுடன் வைத்திருங்கள். தனியாகப் பயணம் செய்யும் பெற்றோருக்கு ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். உங்கள் பயணம் இனிதாக அமையட்டும்.